பச்சை நூல் போட்ட துண்டு

லாட்ஜ் துணி காலை ஆறு மணிக்கு வந்து இறங்கும். மூட்டையை அவிழ்க்கிறவர்கள் மூக்கை மறந்துவிட்டு வாயால் மூச்சுவிடப் பழக வேண்டும். முடிச்சு அதை நாலு வயதிலேயே பழகிவிட்டாள்.

இறுகிப்போன மூட்டைகளை அவிழ்ப்பதில் பெரியவர்களுக்கு வராத லாவகம் அந்தச் சின்ன விரல்களுக்கு வந்தது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு நொடி சும்மா இருப்பாள். இப்போது பத்தாவது படிக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு பிழியும் மெஷின், சோடா உப்புப் பீப்பாய், இஸ்திரி மேஜை. ஐந்து லாட்ஜ்களின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் இங்கேதான் வெளுக்கின்றன. ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு துணியின் மூலையிலும் நூலால் ஓர் அடையாளம் போட்டிருக்கும். பஸ் ஸ்டாண்ட் லாட்ஜுக்குச் சிவப்பு, பாலத்தடி லாட்ஜுக்கு நீலம், இப்படி. வீட்டுத் துணிக்கும் நூல் உண்டு. பச்சை. முன்பு ஒருமுறை நூல் போடாத அப்பாவின் போர்வை தப்பித்தவறி பஸ் ஸ்டாண்ட் லாட்ஜுக்குப் போய், பதினைந்து நாள் யார் யாரோ போர்த்திக்கொண்டு திரும்பி வந்தது. அம்மா அதைத் துவைக்கக்கூட இல்லை. கம்பால் தூக்கிக்கொண்டு போய்க் கொளுத்திவிட்டாள்.

பெட்ஷீட்டை உதறினால் முந்தின நாள் அந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். சிகரெட் சுட்ட ஓட்டை, கொட்டின டீ, காய்ந்த வாந்தி, உதட்டுச்சாயம், நகம், முடி. பிறகு, வாய்விட்டுச் சொல்ல முடியாத மற்றதெல்லாம்.

"இன்னிக்கு என்னடி புதையல்?" என்பார் பெட்டி மாமா. இஸ்திரி போடுகிறவர். அப்பா தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மேஜைக்குப் பின்னாலேயே நிற்கிறார்.

"பல்செட் மாமா. மேல் பல்லு மட்டும்."

"கீழ்ப் பல்லோட ஊருக்குப் போயிருக்கான் பாரு, எதைக் கடிப்பான்? எடுத்து வை, தேடிட்டு வருவான்."

"யாரும் வர மாட்டாங்க. வந்தா எந்த ரூம்னு சொல்லணுமே."

"அதுவும் சரிதான். லாட்ஜ்ல தங்கினேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கு, பல்லு கொட்டிப்போச்சுன்னு சொல்லிடலாம்."

முடிச்சு சிரித்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவாள். ஊரார் அழுக்கைப் பார்த்து அவள் அருவருத்ததில்லை. அது யாரோ எவரோ. சுடுதண்ணீரில் போட்டால் போய்விடும்.

அம்மாவைத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. போனில் எண்பதாயிரம் பேருக்குத் தெரியும். அங்கே அவள் பெயர் கறை அக்கா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்தக் கறைக்கு ஏன் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது என்று விளையாட்டாக ஒரு வீடியோ போட்டாள். "சூடு பட்டா ரத்தத்துல இருக்கிற புரதம் இறுகிடும்மா, முட்டை வேகிற மாதிரி" என்று காரணம் சொல்லிக் கொடுத்தது முடிச்சு. அந்த 'முட்டை வேகிற மாதிரி' ஊரெல்லாம் ஓடியது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு லைவ். கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்து, "பாருங்க மக்களே, இது என்ன கறை சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள். கேமராவுக்கு இந்தப் பக்கம் முடிச்சு நின்றுகொண்டு காரணத்தை ஒரு அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு. வண்டியில் துணி ஏற்றி இறக்குகிற நேரம் போக, பேஜுக்கு வரும் மெசேஜ்களுக்குப் பதில் போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஜோடியாக நின்று ஒரு வீடியோ. ஒரே பெட்ஷீட்டின் இரண்டு முனையை இருவரும் பிடித்து மடித்துக்கொண்டே வந்து, நடுவில் நெற்றியோடு நெற்றி முட்டிச் சிரிப்பார்கள். 'இப்படி ஒரு தம்பதியா!' என்று கமெண்ட் குவியும்.

ஒன்பதாவது வரைக்கும் முடிச்சுதான் வகுப்பில் முதல். கெமிஸ்ட்ரி மிஸ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, தலைநகரத்தில் இருக்கும் அறிவியல் உறைவிடப் பள்ளியைப் பற்றிச் சொன்னார். மொத்தம் அறுபது இடம். பத்தாவது படிக்கும்போதே நுழைவுத் தேர்வு. தேறினால் இரண்டு வருடம் தங்கிப் படிக்கலாம். "கெமிஸ்ட்ரி உனக்குக் கையில இருக்கு. கணக்கை மட்டும் விட்டுடாதே. தினம் காலைல ரெண்டு மணி நேரம் போடு" என்றார். அப்பா அன்றைக்கே, "இனிமே மூட்டையை நான் பார்த்துக்கிறேன், நீ உட்கார்ந்து கணக்கைப் போடு" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி நடந்தும் கொண்டார். நாலைந்து மாதம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி சேற்றில் மாட்டி அப்பா தள்ளிக்கொண்டிருந்தார். துணி நனைகிறதே என்று முடிச்சு ஓடிப்போய் பாலத்தடி லாட்ஜ் மூட்டையை அவிழ்த்தாள். அந்த லாட்ஜில் ஒரு வழக்கம். ஒவ்வோர் அறைத் துணியையும் அந்த அறையின் தலையணை உறைக்குள்ளேயே திணித்து, உள்ளே ஒரு சீட்டில் அறை எண்ணை எழுதிப் போடுவார்கள். எதையாவது கிழித்திருந்தால் யாரென்று பிடிக்க வேண்டுமே. 206 என்று சீட்டு இருந்த உறையைக் கவிழ்த்தாள். பெட்ஷீட், லாட்ஜ் துண்டு இரண்டு. லாட்ஜ் துண்டுகளை யாரும் தொடவேயில்லை, மடிப்புக் கலையாமல் இருந்தன. மூன்றாவதாக ஈரமாகச் சுருண்டு ஒரு துண்டு. மூலையில் பச்சை நூல்.

அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தத் துண்டு கொண்டுபோகிறவர். லாட்ஜ் துண்டில் என்னென்ன இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஊர் அழுக்கு மேலே பட்டுவிடக் கூடாது என்று வீட்டுத் துண்டை எடுத்துப் போயிருக்கிறார். வரும்போது மறந்துவிட்டார். இந்தத் தொழில் செய்கிற ஆளுக்குத்தான் அப்படி ஒரு சுத்தமும் வரும், அப்படி ஒரு மறதியும் வரும்.

துண்டில் நீளமான முடி ஒன்று ஒட்டியிருந்தது. பாதி கறுப்பு, வேரில் நரை.

முடிச்சுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துணியைத் தொட்டுவிட்டுக் குமட்டியது.

அன்று சாயங்காலம் பேஜின் மெசேஜ்களைத் திறந்து பார்த்தாள். லைவுக்குக் கேள்வி எடுக்க அவள் அடிக்கடி திறப்பதுதான். வெள்ளைச் சட்டையில் மைக்கறை எப்படிப் போகும் என்று வெளியூரிலிருந்து ஒருத்தி கேட்டிருந்தாள். அப்பா வழி சொல்லியிருந்தார். கறை போய்விட்டது என்று அவள் ஒரு பூ அனுப்பியிருந்தாள். இவர் இரண்டு பூ. அப்புறம் கறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில், 'அக்கா பேஜ்ல ரொம்ப நல்லவங்களா தெரியறாங்க, பாவமா இருக்கு. சனிக்கிழமை வர்றேன்' என்று இருந்தது.

முடிச்சு அதை அழித்தாள். மறுநாள் காலை அப்பாவிடம் போய், "மூட்டையை நானே பிரிக்கிறேன்ப்பா. உட்கார்ந்தே இருந்தா தூக்கம் வருது" என்றாள்.

"கணக்கு?"

"அப்புறமா போட்டுக்கிறேன்."

அவருக்கு அது சௌகரியமாகப் போயிற்று. ஏன் என்று கேட்கவில்லை.

அதிலிருந்து எட்டு மாதம். அம்மா கண்ணில் படுவதற்கு முன்னால் பாலத்தடி மூட்டையை அவள்தான் அவிழ்ப்பாள். மாதத்தில் இரண்டு தடவையாவது 206 உறையில் பச்சை நூல் வரும். எப்படியும் மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும் என்று அப்பா துண்டைத் தேடுவதேயில்லை. தனியாகக் கையால் கசக்கி, மாடியில் மற்றத் துணிக்கு நடுவில் காயப்போட்டு, அலமாரியில் பழையபடி மடித்து வைப்பாள். மெசேஜை அழிப்பாள். அம்மா அப்பாவை "எங்க போனீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் நடுவில் புகுந்து, "டயர் பஞ்சராம்மா" என்பாள். நுழைவுத் தேர்வு முடிகிற வரைக்கும் வீடு வெடிக்காமல் இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. நோட்டில் போட வேண்டிய கணக்கு அப்படியே நின்றது.

பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா புது ரவிக்கையும், அப்பா இஸ்திரி கலையாத சட்டையுமாக வந்தார்கள்.

"கெமிஸ்ட்ரில தொண்ணூத்தாறு. கணக்குல அறுபத்தொண்ணு," என்றார் மிஸ். "போன வருஷம் கணக்குல இவதான் முதல் மார்க். வீட்ல என்ன நடக்குது?"

அம்மா போனை உயர்த்தினாள். "மிஸ், அந்தத் தொண்ணூத்தாறுன்றதை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா? இந்தப் பக்கம் திரும்பினா வெளிச்சம் நல்லா விழும்."

"போனை உள்ள வைங்கம்மா."

"அதுக்கில்ல மிஸ், நாலு புள்ளைங்க பார்த்துத் திருந்தும்னு…"

"முதல்ல ஒரு புள்ளையைப் பாருங்க. தினம் எத்தனை மணி நேரம் படிக்கிறா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மாட்டா," என்றார் அப்பா, மேஜைக்குக் கீழே கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டே.

"ஆறு மணிக்கு அவ என்கூட லைவ்ல இல்ல இருப்பா?" என்றாள் அம்மா.

மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா மேஜைக்கு அடியில் எதையோ படித்துவிட்டு மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து முடிச்சு தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பறையில் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன எண்ணெய் வாடை அடித்தது. வாயால் மூச்சு விட்டாள்.

"கணக்கைக் கையால போடணும் சார். தினம் போடணும். இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. தேர்வன்னிக்குப் பெத்தவங்கள்ல ஒருத்தர் நேர்ல வந்து கேட்ல கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவாங்க. அதையாவது மறந்துடாதீங்க."

"அதென்ன மிஸ் அப்படிச் சொல்லிட்டீங்க? நான் தோள்ல தூக்கிட்டு வருவேன்," என்றார் அப்பா.

வெளியே வந்ததும் அம்மா பள்ளியின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி நின்றாள். அப்பா அவள் தோளில் கை போட்டார். போனை முடிச்சின் கையில் கொடுத்தார்கள். "மகள் படிப்புதான் மக்களே எங்க ரெண்டு பேருக்கும் உயிர்," என்று அம்மா சொல்ல, அப்பா தலையாட்டினார். முதல் தடவை காற்றுச் சத்தம் வந்துவிட்டது என்று மறுபடியும் எடுத்தார்கள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஆறு மணி லைவ்.

அந்த வாரத் துண்டில் ஒரு சிக்கல். தலைச்சாயம். 206-காரி வேர் நரையை மறைக்க மறுபடி பூசியிருக்கிறாள் போல. சாயம் காயாமல் துவட்டியதில் துண்டு முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பு. நாலு நாளாகக் கசக்கியும் போகவில்லை. சோடா உப்புப் பீப்பாய்க்குப் பின்னால் சுருட்டிச் செருகி வைத்திருந்தாள் முடிச்சு.

லைவ் ஆரம்பித்தது. ரோஜாக்காரர் வந்து சேர்ந்தார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. அம்மா வாயைத் திறந்தால் திரையில் ரோஜா ரோஜாவாக அனுப்புவார். அவர் வந்தபிறகு அம்மாவின் குரலே வேறாகிவிடும், தொண்டையில் யாரோ வெல்லத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி. லைவ் முடிந்தபின் மாடியில் துணிகளுக்கு நடுவில் நின்று அவரோடு பேசுவாள். "தொழில் விஷயம்" என்பாள். தொழில் விஷயத்துக்கு யாரும் அப்படிக் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட மாட்டார்கள்.

"ரோஜா சார் இன்னிக்குக் கஷ்டமான கறை கேக்கறார் மக்களே. காட்டட்டுமா?" என்றாள் அம்மா. கூடைப் பக்கம் போகவில்லை. நேராகப் பீப்பாய்க்குப் பின்னால் கைவிட்டு அந்தத் துண்டை இழுத்தாள்.

முடிச்சின் கையிலிருந்து அட்டை நழுவியது.

அம்மா துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். இடது கைக் கட்டைவிரல் மூலையில் இருந்த பச்சை நூலின் மேல் சரியாகப் படிந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "தலைச்சாயம்! யாரோ ஒரு வயசான அம்மா, இளமையா தெரியணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. தப்பில்லையே?" என்று சொல்லிச் சிரித்தாள். கமெண்ட்கள் பறந்தன. துண்டைக் கழுவி, தேய்த்து, மறுபடி கழுவி, முக்கால் மணி நேரம் அந்தக் கட்டைவிரல் மூலையை விட்டு நகரவே இல்லை.

லைவை அணைத்தபிறகு கொட்டகையில் பிழியும் மெஷின் சத்தம் மட்டும்.

"அம்மா. அந்தத் துண்டு…"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மழைக்காலத்துல இருந்து. மெசேஜ் எனக்கும் திறக்கும்டி. நீ அழிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சிடுவேன். வழவழன்னு என்னமா எழுதறா! எழுத்துல பாதி தப்பு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"என்ன செய்யணும்ன்றே? கத்தணுமா? ஜோடி வீடியோதான் பேஜ்லயே நல்லா ஓடுது. அதை நிறுத்திட்டு நான் என்ன, தனியா நின்னு பெட்ஷீட் மடிக்கவா?" அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு நான் ரோஜாக்காரர்கிட்டப் பேசறது தெரியும். கேக்க மாட்டார். எனக்கு இது தெரியும். நானும் கேக்க மாட்டேன். எங்களுக்குள்ள சண்டையா சச்சரவா? எத்தனை வீட்ல இந்த நிம்மதி இருக்கு சொல்லு."

"நான் எட்டு மாசமா இதை ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சேம்மா. கணக்கையே தொடலை."

அம்மா அவளை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"உன்னை யாருடி ஒளிக்கச் சொன்னா?"

முடிச்சு வெளியே போய் சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பெட்டி மாமா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

"உங்களுக்கும் தெரியுமா மாமா?"

"பச்சை நூல் துண்டை இஸ்திரி போடறவன் யாரு?" என்றார் அவர். "தெரியும்னு சொன்னா வேலை போயிடும். எனக்கும் வீட்ல நாலு வாய் இருக்கு. கொப்பளி."

அவர் மேலும் அவளுக்கு வெறுப்பாக வந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வரி ஏறவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நீ மாமாவோட மொபெட்ல போயிடு. பாலத்தடில லோடு இறக்கிட்டு, அங்கிருந்து பக்கம்தானே, ஒன்பது மணிக்கு நான் கேட்ல நிப்பேன்" என்றார். சட்டைப்பையில் சீப்பு இருந்தது. தோளில் துண்டு இருந்தது. முடிச்சு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாடி முன்னால் இருந்தாள். ரோஜாக்காரரோடு சேர்ந்து செய்யும் முதல் லைவ், ஒன்பது மணிக்கு. "அப்பா வந்துடுவார்டி. நல்லா எழுது" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள், சாயம் காய வேண்டுமே.

தேர்வு மையம் ஒரு பழைய கல்லூரிக் கட்டடம். கேட்டில் மேஜை போட்டு ஒரு அம்மாள் பெரிய பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுவிட்டு முதுகில் தட்டி உள்ளே அனுப்ப, ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்பது ஆயிற்று. ஒன்பதேகால் ஆயிற்று. வரிசையில் இவள் மட்டும் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வந்துவிட்டாள்.

"கேட் ஒன்பதரைக்கு மூடிடுவோம். கூட வந்திருக்கிறவர் அப்பாவா?" என்றார் அந்த அம்மாள்.

"அப்பா மாதிரிங்க," என்றார் பெட்டி மாமா.

"மாதிரிக்கெல்லாம் இடமில்லை சார். பெத்தவங்கள்ல ஒருத்தர் வேணும்."

அப்பா போன் அணைந்து கிடந்தது. அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டி மாமா தன் போனில் லைவைத் திறந்தார். விரிசல் விட்ட திரையில் அம்மா. பக்கத்துக் கட்டத்தில் வழுக்கைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர். ரோஜாக்காரர் முகத்தை முடிச்சு பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாமா கையிலிருந்து போனைப் பிடுங்கி கமெண்டில் தட்டினாள்: 'அம்மா, அப்பா வரல. கேட் மூடப் போறாங்க. வந்து கையெழுத்துப் போடு.'

அம்மாவின் கண் கமெண்ட்கள் ஓடும் பக்கம் போனது. அது வழக்கம், யார் என்ன போட்டாலும் படித்துப் பெயர் சொல்லுவாள். கண் ஒரு இடத்தில் நின்றது.

"என்ன அக்கா, யாரோ அம்மா அம்மான்னு கத்தறாங்க?" என்றார் ரோஜாக்காரர். "உங்களைப் பார்த்தா பெரிய பொண்ணுக்கு அம்மா மாதிரியா இருக்கு? யாரோ வேணும்னு வம்பு பண்றாங்க. பிளாக் பண்ணிடட்டுமா?"

அம்மா அரை நொடி யோசித்தாள். அந்த அரை நொடி திரையில் நன்றாகத் தெரிந்தது.

"பண்ணிடுங்க சார்," என்று சிரித்தாள்.

மாமாவின் போனில் லைவ் மறைந்தது.

ஒன்பது பத்தொன்பது. முடிச்சு பாலத்தடி லாட்ஜ் எண்ணை அழுத்தினாள். துணிக் கணக்குக்காக வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிற எண், பார்க்காமலே வரும்.

"லாண்டரில இருந்து பேசறேன்."

"சொல்லும்மா, இன்னிக்கு லோடு வந்துடுச்சே," என்றார் ரிசப்ஷன்காரர்.

"206-ல எங்கப்பா இருக்காரு. பரீட்சை கேட்டுக்கு உடனே வரச் சொல்லுங்க."

"206-ல அப்படி யாரும்…"

"அண்ணே, அந்த ரூம் துணியை எட்டு மாசமா நான்தான் துவைக்கிறேன். கதவைத் தட்டுங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்கும் கேட்டிருந்தது. அவர் வேறு பக்கம் திரும்பி மீசையைத் தடவினார்.

எட்டு நிமிடத்தில் வண்டி வந்து நின்றது. அப்பா குதித்து இறங்கி ஓடிவந்தார். தலையில் தண்ணீர் சொட்டியது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பாலத்தடி லாட்ஜ் சோப்பின் மலிவான பூவாசனை அவருக்கு முன்னால் வந்தது. ஐந்து லாட்ஜ் சோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் முடிச்சு.

"டிராஃபிக்குடா. லோடு இறக்க லேட்டாயிடுச்சு," என்றார், யாரும் கேட்காமலே.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். "உறவு?" என்றார் அந்த அம்மாள், பேனாவை வைத்துக் கட்டத்தைக் காட்டி.

"அப்பா."

"எழுதுங்க."

எழுதினார். பிறகு மகளைப் பார்த்தார். பயத்தில் அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்து வழிந்தது. "ஐயோ, எப்படி வேர்த்திருக்கு பாரு" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைக்க வந்தார். துண்டு ஈரமாக இருந்தது.

"தொடாதீங்க!"

கேட்டில் நின்ற பெற்றோர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவின் கை துண்டோடு நடுவில் நின்றது. முடிச்சு புறங்கையால் நெற்றியை வழித்துவிட்டு உள்ளே ஓடினாள். பின்னால் கேட் மூடும் சத்தம் கேட்டது.

கெமிஸ்ட்ரிக் கேள்விகளுக்கு அவள் கை தானாக எழுதியது. கணக்குப் பக்கம் வந்ததும் எண்கள் எல்லாம் அறை எண்களாகத் தெரிந்தன. தெரிந்த கணக்கையே மூன்று தடவை அடித்து அடித்துப் போட்டாள். எட்டு மாதத்தை இரண்டு மணி நேரத்தில் எப்படிப் போடுவது?

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கெமிஸ்ட்ரியில் அந்த வருடம் எழுதியவர்களில் அவள் மூன்றாவது. கணக்கில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு மேல் சரியாக இரண்டு. காத்திருப்போர் பட்டியலின் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்து, யாரோ ஒரு பெண் விடுதி ஒத்துக்கொள்ளாமல் வீடு திரும்பிவிட்டாள், அந்த இடம் இவளுக்கு என்று கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குப் போன் வந்தது.

அதுவரைக்கும் காத்திருந்த நாட்களில் அப்பா அவளுக்கு ஒரு புதுப் போன் வாங்கிவந்து தலையணைக்கு அடியில் வைத்தார். அவள் அதை எடுத்து அவர் வண்டி சீட்டில் வைத்தாள். அம்மா, 'முதல் பட்டியலில் மகள் பெயர் இல்லை, இந்தத் தாயின் வேதனை' என்று அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள். அதுவரை போட்டதிலேயே அதுதான் அதிகம் ஓடியது. ரோஜாக்காரர் நூறு ரோஜா அனுப்பினார். மைக்கறைக்கு வழி கேட்ட அந்த வெளியூர்க்காரி, 'கவலைப்படாதீங்க அக்கா, உங்களுக்கு நல்ல கணவர் துணை இருக்கார்' என்று எழுதியிருந்தாள். அம்மா அதற்கு ஒரு இதயம் போட்டாள்.

சேர்க்கைக்கு இருவரும் கூட வந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு, பள்ளித் தோட்டத்தில் பூச்செடி ஓரமாக நின்றுகொண்டார்கள். அம்மா போனை நீட்டிப் பிடிக்க, அப்பா அவள் தோளில் கை போட்டுச் சிரித்தார். விடுதி அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

அறையில் இரும்புக் கட்டில், அலமாரி, ஒரு மேஜை. கட்டிலில் மடித்து வைத்த பெட்ஷீட். முடிச்சு அதைத் தொடவில்லை.

வார்டன் விண்ணப்பத்தைப் புரட்டினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எல்லாம் எழுதியிருக்கே. ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றவங்க பேர்ன்ற இடத்துல மட்டும் கோடு போட்டிருக்கியே? வீட்ல இருந்து யாரும் வர மாட்டாங்களா?" என்றார்.

முடிச்சு ஜன்னலைப் பார்த்தாள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் போனை உயர்த்தினாள்.

"வருவாங்க மேடம்," என்றாள். "நீங்க உள்ள விடாதீங்க."